பழுது உணரியிலா, வயரிலா?

சென்ற பருவ விடுமுறைக்கு நான் வீடு திரும்பியபோது பகல் பதினொரு மணி. அப்பாவின் பிக்கப் வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அது வாசலில் நிற்கக் கூடாத வண்டி. பாகான் டத்தோ வட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் தேங்காய் எடுத்து மொத்த வியாபாரிகளிடம் சேர்ப்பது அப்பாவின் தொழில். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் மாலையில்தான் வீடு திரும்புவார். வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

இரண்டு வாரங்களாகவே வண்டியில் கோளாறு. காலையில் முடுக்கினால் உடனே பிடிப்பதில்லை. பிடித்த பிறகும் நின்ற இடத்தில் உதறும். மேடு பள்ளத்தில் இறங்கினால் திடீரென்று எஞ்சின் விளக்கு எரியும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி அறுபதைத் தாண்டாது. பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்துவிட்டு, "எரிபொருள் அழுத்த சென்சார் போய்விட்டது" என்றார்கள். 480 வெள்ளி கொடுத்துப் புதியது மாற்றினார் அப்பா. நான்கே நாளில் அதே விளக்கு, அதே உதறல். மறுபடியும் போனபோது, "அப்படியென்றால் பம்புதான்" என்று 4,200 வெள்ளிக்குக் கணக்குச் சொன்னார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மாவின் சங்கிலி கைக்குட்டையில் முடிந்து மேசைமேல் இருந்தது. அது எங்கே போகப் போகிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். பட்டறையில் வேலை செய்து பழகியவன் அல்லன். என்னிடம் இருந்தவை ஆய்வுக்கூடப் பயிற்சிக்காக வாங்கிய 60 வெள்ளி மல்டிமீட்டரும், கைப்பேசியுடன் இணையும் சிறிய ஸ்கேனரும்தாம். அப்பாவிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு நாளில் நான் கற்றதை, நான் செய்த தவற்றையும் மறைக்காமல், பாடமாக இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு டீசல் வண்டி இருக்கலாம்.

உணரியின் வேலை என்ன?

இன்றைய டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் 'காமன் ரெயில்' எனப்படும் பொதுக்குழாய் முறையில் இயங்குகின்றன. லாரிகளில் 1995-இலும் பயணிகள் கார்களில் 1997-இலும் விற்பனைக்கு வந்த முறை இது. உயர் அழுத்தப் பம்பு டீசலை ஒரு தடித்த உருக்குக் குழாய்க்குள் தள்ளி நிரப்புகிறது. அக்குழாயிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் பீய்ச்சப்படுகிறது. எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது குழாயினுள் ஏறக்குறைய 300 பார் அழுத்தம் இருக்கும். முழு வேகத்தில் பல எஞ்சின்களில் 1,600, 1,800 பார் வரை உயரும். அதற்கும் மேலே போகும் எஞ்சின்களும் உண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் 2.2 பார் அளவுதான். 1,800 பார் என்பது அதைப் போல 800 மடங்குக்கும் மேல்.

இந்த அழுத்தத்தை நொடிக்கு நொடி அளந்து எஞ்சின் கணினிக்குச் சொல்வதே எரிபொருள் அழுத்த உணரியின் வேலை. குழாயின் முனையில் திருகப்பட்டிருக்கும் இந்த உணரிக்குள் ஒரு மெல்லிய உலோகச் சவ்வு இருக்கிறது. அழுத்தம் கூடினால் சவ்வு மிகச் சிறிதளவு வளையும். அதன்மேல் பதிந்துள்ள மின்தடைகளின் அளவு அதற்கேற்ப மாறும். 1833-இல் கிறிஸ்டி கண்டுபிடித்து, 1843-இல் வீட்ஸ்டன் பரவலாக்கிய சமனச்சுற்றுதான் அந்த நுண்ணிய மாற்றத்தை மின்னழுத்தமாகத் தருகிறது. ஐந்தாம் படிவ இயற்பியலோடு முடிந்துவிட்டதென்று நான் நினைத்த மின்சுற்றுப் பாடம் அப்பாவின் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தது.

மூன்று வயர்களும் அரை வோல்ட்டும்

இவ்வகை உணரிக்கு வழக்கமாக மூன்று வயர்கள் உண்டு. முதலாவது, கணினி அனுப்பும் 5 வோல்ட். இரண்டாவது, மின்னோட்டம் திரும்பிச் செல்லும் எர்த் வயர். மூன்றாவது, அளவைச் சொல்லும் சமிக்ஞை வயர். எங்கள் வண்டியில் இருக்கும் உணரி, அழுத்தமே இல்லாதபோது 0.5 வோல்ட்டும், 1,800 பாரில் 4.5 வோல்ட்டும் தரும் வகை. அதாவது இடையில் உள்ள 4 வோல்ட்டுக்கு 1,800 பார். ஒரு வோல்ட்டுக்கு 450 பார். உங்கள் வண்டிக்கு இவ்வளவுகள் மாறலாம். பழுதுபார்ப்புக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் பூஜ்யம் என்றால் மின்னழுத்தமும் பூஜ்யமாக இருக்கலாமே, ஏன் 0.5? இக்கேள்வி எனக்கும் எழுந்தது. பூஜ்யம் அழுத்தத்துக்குப் பூஜ்யம் வோல்ட் என்று வைத்துவிட்டால், வயர் அறுந்து சமிக்ஞை இல்லாமல் போனதையும் குழாயில் அழுத்தம் இல்லாததையும் கணினியால் பிரித்தறிய முடியாது. வகுப்பில் பெயர் அழைக்கும்போது "வந்திருக்கிறேன்" என்று சொல்வதைப் போன்றது அந்த அரை வோல்ட். பதிலே வரவில்லை என்றால் ஆள் இல்லை என்று பொருள். மேல்முனையிலும் 4.5-க்கும் 5-க்கும் இடையே இதே காரணத்துக்காக இடைவெளி விடப்பட்டுள்ளது.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

சமிக்ஞை இந்த எல்லைகளை மீறினால் கணினி ஒரு பழுதுக் குறியீட்டைப் பதிவு செய்யும். பி 0190 என்பது உணரியின் மின்சுற்றில் பொதுவான கோளாறு. பி 0191 என்றால் அளவு நம்பும்படியாக இல்லை. பி 0192 சமிக்ஞை மிகத் தாழ்வு. பி 0193 சமிக்ஞை மிக உயர்வு. இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாதவை பி 0087-உம் பி 0088-உம். முன்னது குழாயில் அழுத்தம் குறைவு என்றும், பின்னது அழுத்தம் மிகை என்றும் சொல்பவை.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள்: மின்சுற்று. பி 0193 என்ற குறியீடு "உணரி கெட்டுவிட்டது" என்று சொல்வதில்லை. "உணரியின் மின்சுற்றில் சமிக்ஞை உயர்ந்துவிட்டது" என்றுதான் சொல்கிறது. அந்தச் சுற்றில் உணரி இருக்கிறது, மூன்று வயர்கள் இருக்கின்றன, இடையில் பிளக்குகள் இருக்கின்றன, மறுமுனையில் கணினியும் இருக்கிறது. தெருவின் பெயரை மட்டும் சொல்லும் முகவரி அது. வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் நாம். அப்பாவின் 480 வெள்ளி அந்தத் தெருவின் முதல் வீட்டிலேயே செலவாகிவிட்டது. பட்டறைக்காரரை நான் குறை சொல்லவில்லை. வரிசையில் பத்து வண்டிகள் காத்திருக்கும்போது குறியீட்டைப் பார்த்துப் பொருளை மாற்றுவதுதான் விரைவான வழி.

காலையில் கண்ட 120 பார்

மறுநாள் காலை, வண்டியை முடுக்குவதற்கு முன்பே சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரைப் பார்த்தேன். குறியீடு பி 0193. நேரடி அளவுகளில் குழாய் அழுத்தம் 120 பார் என்று காட்டியது. வண்டி இரவு முழுவதும் நின்றிருந்தது. பம்பு சுழலவில்லை. அளவு பூஜ்யத்தின் அருகில் இருந்திருக்க வேண்டும்.

"புது சென்சாரும் கெட்டதுதான் போலிருக்கிறது அப்பா, திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் கழற்றிய பழைய உணரியை அப்பா மைலோ டின்னில் போட்டு வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. எஞ்சினை முடுக்காமல், புதிய உணரியைக் குழாயிலிருந்து கழற்றாமல், அதன் பிளக்கை மட்டும் எடுத்துப் பழைய உணரியில் மாட்டினேன். பழைய உணரி என் உள்ளங்கையில் இருந்தது. ஸ்கேனர் மறுபடியும் 120 பார் என்றது.

அப்பா எட்டிப் பார்த்தார். "கையில இருக்கிறதுக்கு எங்கிருந்துடா அழுத்தம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் பாதி விடை இருந்தது. கையில் இருக்கும் உணரிக்குள் டீசலும் இல்லை, அழுத்தமும் இல்லை. பழையதும் புதியதும் ஒரே பொய்யை, ஒரே அளவில் சொல்கின்றன. இரண்டு சாட்சிகள் ஒரே பொய்யைச் சொன்னால், அவர்களைப் பேச வைக்கும் மூன்றாம் ஆளைத் தேட வேண்டும். உணரியில் பழுதில்லை. பழுது வயரில் இருக்க வேண்டும், அல்லது கணினியில்.

நான் செய்த தவறு

பிளக்கைக் கழற்றி, அதன் 5 வோல்ட் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே மீட்டரை வைத்தேன். சரியாக 5.0 வோல்ட். வயரில் குறையில்லை என்று முடிவு கட்டினேன். அப்படியானால் மிஞ்சுவது கணினி. அதன் விலையை நினைத்ததும் பம்பே மேல் என்று தோன்றியது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பிரதான சாலைக் கடைவரை நடந்துபோய், பட்டறையில் வேலை செய்யும் என் மூத்த மாணவர் ஒருவரை அழைத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, பிளக்க மாட்டிட்டு அளந்தியா, கழட்டிட்டு அளந்தியா?"

இந்தக் கேள்விதான் இக்கட்டுரையின் மையம். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். அடைப்பு விழுந்த தண்ணீர்க் குழாயின் முனையை மூடிவைத்தால் அதனுள் முழு அழுத்தம் இருக்கும். திறந்தால்தான் தண்ணீர் ஒழுகலாக வரும். ஓட்டம் இருக்கும்போது மட்டுமே அடைப்பு தன்னைக் காட்டிக்கொள்ளும். மின்சாரத்துக்கும் இதே நியாயம்தான். பிளக்கைக் கழற்றிவிட்டால் உணரி வழியே மின்னோட்டம் இல்லை. ஓட்டமில்லாத இடத்தில் மின்தடை எவ்வளவு இருந்தாலும் மின்னழுத்தம் குறையாது. என் மீட்டர் காட்டிய 5.0 வோல்ட் பொய்யன்று. மூடிய குழாயின் அழுத்தத்தைத்தான் அது காட்டியது.

திரும்பி ஓடி வந்து பிளக்கை மாட்டினேன். வயர் பிளக்குக்குள் நுழையும் பின்புறத் துளை வழியாக, வயரின் உறையைக் குத்திக் கிழிக்காமல், மெல்லிய ஊசி முனையைச் செலுத்தினேன். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரியின் எதிர்முனையில். முடிவுகள் இவை: 5 வோல்ட் வயரில் 5.0, எர்த் வயரில் 0.3, சமிக்ஞை வயரில் 0.77.

எர்த் வயரில் ஏறக்குறைய எதுவும் இருக்கக் கூடாது. 0.05 வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். இங்கே 0.3. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எர்த் 0.3-க்கு உயர்ந்துவிட்டதால் உணரிக்குக் கிடைப்பது 4.7 வோல்ட் மட்டுமே. அழுத்தமில்லாதபோது இவ்வகை உணரி தனக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கைத் தரும், அது 0.47. அதனுடன் எர்த்தில் ஏறிய 0.3-ஐக் கூட்டினால் 0.77. இயல்பான 0.5-ஐவிட இது 0.27 அதிகம். வோல்ட்டுக்கு 450 பார் என்றால் 0.27-க்கு ஏறக்குறைய 120 பார். ஸ்கேனர் காட்டிய எண்ணும் அதுவே. தேர்வில் விடை சரியாக வந்தபோதுகூட நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

கணினி ஏமாந்த கதை

வண்டி ஏன் உதறியது என்பதும் இப்போது விளங்கியது. நின்ற இடத்தில் ஓடும்போது கணினிக்கு 300 பார் வேண்டும். உணரியின் சமிக்ஞை எர்த் கோளாறினால் உயர்ந்து காட்டுவதால், உண்மையில் 190 பார் அளவு இருக்கும்போதே 300 வந்துவிட்டதாகக் கணினி நம்பியது. நம்பியதும் பம்பின் கொடுப்பைக் குறைத்தது. பம்பு பலவீனமாகத் தெரிந்ததற்குக் காரணம் பம்பு அன்று. அதைக் குறைவாக வேலை செய்யச் சொன்னது கணினியே.

இதில் ஒரு பொறி உள்ளது. ஸ்கேனரில் 'வேண்டிய அழுத்தம்', 'உள்ள அழுத்தம்' என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டும் ஒத்திருந்தால் எல்லாம் சரி என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் வண்டியிலும் அவை ஒத்திருந்தன. ஆனால் 'உள்ள அழுத்தம்' என்பது அதே உணரி சொன்ன எண். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தே தன் கைக்கடிகாரத்தைச் சரிபார்ப்பதுபோல் அது. எஞ்சின் நெடுநேரம் நின்றிருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்ற எளிய சோதனைதான் அந்தப் பொய்யை வெளிப்படுத்தியது.

மீட்டரை எர்த் வயரில் வைத்துக்கொண்டு, அப்பாவை வயர்க் கட்டைச் சற்றுச் சற்றாக அசைக்கச் சொன்னேன். பேட்டரித் தட்டின் அருகில் அவர் கை வைத்ததும் எண் துள்ளியது. ஒருமுறை எர்த் தொடர்பு முழுவதும் விட்டுப்போய், ஸ்கேனரில் பி 0193 மறுபடியும் பதிவானது. மேடு பள்ளத்தில் வண்டிக்கு நடந்ததும் அதுவேதான். அந்த இடத்தில் ஓர் இடைப் பிளக் இருந்தது. திறந்தால் எர்த் முனையில் பச்சை பூத்திருந்தது. கடற்கரை உப்புக் காற்றும், வாரந்தோறும் எஞ்சினில் நாங்கள் பீய்ச்சிய தண்ணீரும் சேர்ந்து செய்த வேலை.

பேட்டரியின் தொடர்பைக் கழற்றிவிட்டு அந்த முனையை வெட்டி எடுத்தோம். புதிய முனை, கைமுழ வயர், சூடேற்றிச் சுருக்கும் உறை ஆகியவற்றுக்கு ஆன செலவு 12 வெள்ளி. எர்த் வயரில் 0.3 இருந்த இடத்தில் 0.01 வந்தது. கையில் இருந்த பழைய உணரி பூஜ்யம் காட்டியது. குழாயில் இருந்த புதியதும் பூஜ்யம் காட்டியது. குறியீட்டை அழித்துவிட்டு முடுக்கினோம். முதல் திருப்பிலேயே பிடித்தது.

நினைவில் கொள்ள வேண்டிய வரிசை

1. குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள், உடனே அழித்துவிடாதீர்கள். பழுது ஏற்பட்ட கணத்தின் வேகம், வெப்பம் போன்ற பதிவுகளும் அதோடு அழிந்துவிடும்.

2. பி 0087 போன்ற குறைவழுத்தக் குறியீடு வந்தால் முதலில் டீசல் வடிகட்டியையும் அதில் தேங்கிய தண்ணீரையும் பாருங்கள். 2019 முதல் நம் நாட்டில் போக்குவரத்து டீசலில் பத்து விழுக்காடு செம்பனை டீசல் கலக்கப்படுகிறது. பழைய தொட்டியில் படிந்த அழுக்கை அது கரைத்துக் கொண்டுவரக்கூடும்.

3. வண்டி நெடுநேரம் நின்ற பிறகு, எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பி அழுத்த அளவைப் பாருங்கள். பூஜ்யத்தின் அருகில் இல்லையென்றால் உணரியோ அதன் சுற்றோ பொய் சொல்கிறது.

4. மூன்று வயர்களையும் பிளக் மாட்டிய நிலையில் அளந்து பாருங்கள். எர்த் வயரை மறவாதீர்கள்.

5. மீட்டரைப் பார்த்துக்கொண்டே வயர்க் கட்டை அசையுங்கள். எண் துள்ளும் இடமே பழுதின் இடம்.

6. இவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே உணரியை மாற்றுங்கள். சில வண்டிகளில் புதிய உணரியைக் கணினிக்கு ஸ்கேனர் வழி அறிமுகப்படுத்தவும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயையோ உணரியையோ தளர்த்தவே கூடாது. கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவும் கூடாது. அந்த அழுத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத டீசல் கீற்று தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசுக்கடிபோலத்தான் தெரியும். உள்ளே திசு அழுகி விரலையே எடுக்க நேரலாம். அப்படி நேர்ந்தால் வலியில்லையே என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மேலே நான் செய்த அளவுகளில் ஒன்றுக்குக்கூட எரிபொருள் குழாயைத் திறக்கத் தேவைப்படவில்லை.

இரண்டு அழுத்தங்கள்

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்த பிறகு, தேசிய இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயிலும், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலும் படித்தவன் நான். மலாயில் அழுத்தம் 'தெக்கானான்', மின்னழுத்தம் 'வோல்தான்'. இரண்டுக்கும் உறவே இல்லாததுபோல் ஒலிக்கும். அன்று அப்பாவுக்கு விளக்குவதற்காகத் தமிழில் சொல் தேடியபோதுதான் அழுத்தமும் மின்னழுத்தமும் என் வாயில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. "இது டீசலின் அழுத்தத்தை மின்னழுத்தமாக மாற்றிச் சொல்லும் கருவி அப்பா" என்றேன். தண்ணீர்க் குழாய் உவமை எனக்கு அங்கிருந்துதான் கிடைத்தது. அப்பா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நிறுத்தியவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ பம்பு நல்லாத்தான் இருக்கு" என்றார். சங்கிலி அடகுக் கடைக்குப் போகாமல் இருந்ததற்கு என் மீட்டர் மட்டும் காரணமில்லை. நான் சொன்னது அவருக்குப் புரிந்ததும் ஒரு காரணம்.

திருக்குறளில் 'மருந்து' 95-ஆம் அதிகாரம். பள்ளியில் அதை மனனம் செய்தபோது மருத்துவர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தேன். இப்போது அந்த அதிகாரத்தை எடுத்தால் பேட்டரித் தட்டின் அருகில் இருந்த பச்சை முனைதான் நினைவுக்கு வருகிறது.

அன்பு நண்பர்களே, இம்மலரை வாசிக்கும் நாம் சட்டம், கணக்கியல், மருத்துவம், பொறியியல் என்று ஆளுக்கொரு துறையில் இருக்கிறோம். அத்துறைகளை நாம் கற்ற மொழி வேறு. நம் வீட்டில் முடிவெடுப்பவர்களின் மொழி வேறு. அடுத்த விடுமுறையில் உங்கள் பாடத்திலிருந்து ஒரே ஒரு செய்தியை உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தமிழில் விளக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறீர்களோ, அந்த இடத்தைப் பற்றி அடுத்த மலருக்கு எழுதி அனுப்புங்கள்.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டு விழித்தேன். உதறல் இல்லை. மைலோ டின்னில் அந்தப் பழைய உணரி இன்னும் இருக்கிறது. அப்பா அதைத் தூக்கிப் போட விடுவதில்லை.